மஸ்கோகாவுக்கு, நாங்கள் மட்டும்

சிநேகிதிகள் சேர்ந்து ரொறன்ரோவுக்கு வடக்கே மஸ்கோகா ஏரிக்கரைக்குப் போவோம் என்று ஒரு கதை எழும்பினால், அடுத்த நிமிடமே எல்லோரும் கைபேசியில் வீட்டுப் படங்கள் பார்க்கத் தொடங்கிவிடுவோம். டொக், அதாவது தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய படகு மேடை, எவ்வளவு நீளம், சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கா, சூரியன் விழுகிற பக்கமா என்று. அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கள்: அங்கே ஆர் சமைக்கிறது?

இதை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் இருக்கிற எங்கள் குடும்பங்கள் கோடையில் கொட்டேஜ் என்கிற ஏரிக்கரை விடுமுறை வீடு எடுத்துப் போவது இப்போது வழமையாகிவிட்டது. நல்ல விஷயம். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய வீடு எடுப்போம். ஆண்கள் தூண்டில் போடுவார்கள், பாபிகியூ அடுப்பைப் பற்றவைப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏற மாட்டார்கள். பெண்கள் விடிய எழும்பிப் புட்டு அவிப்போம். அது முடிய மத்தியானத்துக்கு நண்டு கழுவுவோம். பின்னேரம் தேத்தண்ணியும் வடையும். இரவுக்கு இடியப்பமும் சொதியும். குசினி யன்னலால் ஏரி வடிவாகத் தெரியும். வீட்டுக்குத் திரும்பி வந்து உடுப்புத் தோய்க்கும்போதுதான், போன இடத்தில் தண்ணீருக்குள் காலே வைக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

ஊரில் ஒன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகளின் நடன வகுப்பு வாசலில் காத்திருந்து பழகியவர்கள், வேலையிடத்தில் கிடைத்தவர்கள் என்று நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கோடையில் ஒரு வார இறுதியை எங்களுக்கென்று மட்டும் எடுக்கத் தொடங்கியபோது ஒரேயொரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டோம். வீட்டில் நாளாந்தம் செய்கிற எந்த வேலையையும் அங்கே காவிக்கொண்டு போவதில்லை. ஏரி, வீடு, பாதை, சாப்பாடு எல்லாவற்றையும் அந்தக் கட்டுப்பாட்டை வைத்தே தெரிவு செய்கிறோம். அப்படித் தெரிவு செய்யப் பழகியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாள் குறிப்பதை மாரியிலேயே முடித்துவிட வேண்டும். எங்களில் ஒருத்தி முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இன்னொருத்தி வங்கியில். ஒருத்தி சாமான் கிடங்கில் மாறி மாறி வருகிற நேரம். யூலை, ஓகஸ்ட் விடுப்புக்கு வேலையிடங்களில் போட்டி இருக்கும். அதனால் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே எந்த வெள்ளி, எந்த ஞாயிறு என்று தீர்மானித்து விண்ணப்பித்துவிடுகிறோம். "பாப்பம்" என்று சொல்லுகிறவரிடம், எந்தத் திகதிக்குள் பார்த்துச் சொல்லுவீர் என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

எந்த வார இறுதி என்பதற்குப் பூச்சிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே நடுப்பகுதியில் இருந்து யூன் கடைசி வரை அந்தப் பக்கம் கறுப்பு ஈக்களின் காலம். கடித்தால் இரத்தம் வரும், காதுக்குப் பின்னால் நாள்கணக்கில் வீங்கியிருக்கும். யூனிலும் யூலையிலும் நுளம்பு. ஓகஸ்டில் அது நன்றாகக் குறைந்துவிடும், தண்ணீரின் குளிரும் அப்போதுதான் முறியும். ஓகஸ்ட் முதல் திங்கள் வருகிற நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வெள்ளிக்கிழமை ரொறன்ரோவே வடக்கே நகரும், இரண்டரை மணித்தியாலப் பயணம் நாலரை மணித்தியாலமாகும். அதற்கு அடுத்த கிழமை போனால் தெருவும் திறந்திருக்கும், வானத்தில் எரிகற்களும் விழும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பணக் கதைக்கு வருகிறேன். இதைப் பலர் கதைக்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட்டால் ஒரு சிநேகிதியை இழக்க நேரிடும். எல்லோருடைய கையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருத்தியின் மகனுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் வந்திருக்கும். இன்னொருத்தி ஊருக்குக் காசு அனுப்புகிறாள். குழுவில் ஆயிரக்கணக்கான டொலர் வாடகை வீட்டின் படம் ஒன்று விழுந்தவுடன், அவர்களில் ஒருத்தி "எனக்கு அண்டைக்கு வேலையடி" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். நாங்கள் வீடு பார்க்கத் தொடங்கும் முன், ஒருவர் எல்லோருக்கும் தனித்தனியே தொலைபேசி எடுத்து, முழுச் செலவும் சேர்த்து எவ்வளவுக்குள் நின்றால் வசதி என்று கேட்கிறோம். வந்த தொகைகளில் மிகச் சிறியது எதுவோ அதுதான் எல்லோருக்கும் எல்லை. ஆர் சொன்ன தொகை என்பது அழைப்பு எடுத்தவரோடு நின்றுவிடும். ஒன்ராறியோவில் வாடகைக்கு மேல் 13 வீத வரி, துப்புரவுக் கட்டணம், முற்பணம் என்று வந்து ஏறும், அவற்றையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். இந்த முறை தொடங்கிய பிறகு பணத்துக்காக எங்களில் ஆரும் பின்வாங்கியதில்லை. ஏரியில் மிகத் திறமான வீட்டைவிட எனக்கு அது பெரிது.

இனி இடம். ரொறன்ரோவில் இருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பரி நகரில் 11ஆம் நெடுஞ்சாலைக்கு மாறி, ஒறில்லியாவைக் கடந்ததும் நிலம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அதுவரை சோளமும் புல்வெளியுமாய் இருந்தது, திடீரென்று இரண்டு பக்கமும் வெட்டிய கருங்கல் சுவராக நிற்கும். சாம்பலும் இளஞ்சிவப்புமாக வரி வரியாய் ஓடுகிற கல். கனடாக் கேடயம் என்று சொல்லப்படுகிற, 100 கோடி ஆண்டுகளுக்கும் மேலான பாறை அது. பனியாறுகள் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் நின்றுதான் இத்தனை ஏரிகள். மஸ்கோகா மாவட்டத்தில் மட்டும் 1,600 வரை உண்டு என்கிறார்கள். அவற்றில் பெரிய மூன்று மஸ்கோகா, றோசோ, ஜோசப். பணக்காரர்களின் மாளிகைகள் இருப்பது அந்த மூன்றின் கரைகளில்தான், வாடகையும் அதற்கேற்ற மாதிரி. எங்களுக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. சின்ன ஏரி ஒன்றில், இயந்திரப் படகு குறைவாக ஓடுகிற இடத்தில் கிடைக்கிற வீடு பாதி விலைக்கும் வரும், சத்தமும் இராது.

கிறேவன்ஹேர்ஸ்ற், பிறேஸ்பிறிட்ஜ், ஹன்ற்ஸ்வில் என்று மூன்று ஊர்கள் தெற்கில் இருந்து வடக்காக 11ஆம் நெடுஞ்சாலையோரமாக வரும். இரண்டு இரவுதான் என்றால் கிறேவன்ஹேர்ஸ்ற்றையும் பிறேஸ்பிறிட்ஜையும் சுற்றித் தேடுங்கள். ஹன்ற்ஸ்வில் வடிவான ஊர், ஆனால் அங்கே போனால் அல்கொன்குயின் பூங்கா பக்கத்தில்தானே என்று மனம் அலைபாயும். 1893ல் உருவான அந்தப் பூங்காவை ஒரு மத்தியானத்தில் பார்த்து முடிக்க முயல்வது அந்தக் காட்டுக்கும் நியாயமில்லை, எங்கள் முழங்கால்களுக்கும் நியாயமில்லை. வேறொரு பயணமாக வையுங்கள். கார் ஓட்டாதவர்கள் பிந்தி வருவதானால், ஒன்ராறியோ நோர்த்லாண்ட் பேருந்து ரொறன்ரோ யூனியன் நிலையத்தில் இருந்து இந்த மூன்று ஊருக்கும் போகிறது. இரவு வேலை முடித்துவிட்டு நேரே பேருந்தில் ஏறி, நித்திரை கொண்டபடியே வந்து இறங்குகிற சிநேகிதி எங்களுக்கு உண்டு.

ஒரு சிக்கலை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. யூலை, ஓகஸ்டில் பல கொட்டேஜ் உரிமையாளர்கள் சனி தொடங்கிச் சனி வரை முழுக் கிழமைக்குத்தான் கொடுப்பார்கள். இரண்டு மூன்று இரவுக்கு வேண்டுமென்றால், ஒரே வளவுக்குள் பத்துப் பன்னிரண்டு சிறு வீடுகள் வைத்திருக்கிற பழைய குடும்ப விடுதிகளைக் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் அவற்றின் படங்கள் கவர்ச்சியாக இராது. மர மணம் வீசுகிற அறை, பழைய சமையல் பாத்திரம், வலைக்கதவு. ஆனால் கரையில் மணல் இருக்கும், கனூப் படகு வாடகையோடு சேர்த்தி, ஏதும் பழுதென்றால் கூப்பிட ஒரு ஆள் இருப்பார். அதோடு அந்தச் சிறு வீடுகளின் குசினி மிகச் சின்னது. பெரிய சமையலுக்கு இடமே இல்லை என்பது எங்கள் கண்ணுக்கு ஒரு வசதி.

தனி வீடு எடுப்பதாக இருந்தால் உரிமையாளரிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். ஹன்ற்ஸ்வில் போன்ற நகரசபைகள் குறுகிய கால வாடகைக்கு உரிமம் கேட்கின்றன, அந்த இலக்கத்தைக் கேளுங்கள். குடிதண்ணீர் கிணறா ஏரியா, குடிக்கலாமா என்று கேளுங்கள். கைபேசி எடுபடுமா என்றும் கேளுங்கள், பல இடங்களில் எடுபடாது, வழிப்படத்தைப் புறப்படும் முன்பே தரவிறக்கி வைக்க வேண்டும். தெருவோரத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு இலக்கப் பலகை நட்டிருப்பார்கள், 911 அழைத்தால் சொல்லவேண்டியது அந்த இலக்கம். போய் இறங்கியதும் அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவது எங்கள் பழக்கம். எங்களில் சீனி வருத்தம் உள்ளவர்களும் பிரஷர் குளிசை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறேஸ்பிறிட்ஜிலும் ஹன்ற்ஸ்வில்லிலும் வைத்தியசாலை உண்டு. எது கிட்ட என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கழிவுத் தொட்டி பற்றியும் ஒரு சொல். அந்த வீடுகளில் நகரத்துக் கழிவு வாய்க்கால் கிடையாது, நிலத்துக்குக் கீழே ஒரு தொட்டிதான். இறைச்சிக் குழம்பின் எண்ணெயைக் குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து நிற்கும், மீதி ஏரியைத்தான் போய்ச் சேரும். எண்ணெயைக் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். அந்தக் குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். கருவாட்டு மணத்துக்குக் கறுப்புக் கரடி வருவதில் வியப்பில்லை.

இப்போது குசினிக்கு வருவோம். நாங்கள் பட்டினி கிடப்பதில்லை, பாணும் பட்டரும் தின்று திரும்புவதும் இல்லை. ரொறன்ரோவில் எங்களுக்கு இருக்கிற பெரிய கொடுப்பினை எங்கள் சாப்பாட்டுக் கடைகள். வெள்ளி காலை ஒருத்தி கடையில் மட்டன் றோல்ஸ், இடியப்பம், சம்பல், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு எல்லாம் எடுத்துவிடுவாள். ஆட்டிறைச்சிக் கறி மட்டும் ஒருத்தியின் வீட்டில் முந்திய கிழமையே வைத்தது. அதை ஆறவிட்டு, பூட்டுப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றித் தட்டையாகப் படுக்கவைத்து உறையவிட வேண்டும். பலகை மாதிரி இறுகிவிடும். அந்தப் பலகைகளைக் கூலரின் அடியில் அடுக்கி, அதற்கு மேல் உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை வைத்தால் ஐஸ்கட்டி வாங்கத் தேவையில்லை. சனி மத்தியானம் கறி தானாக இளகியிருக்கும், போத்தலில் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் இருக்கும். காலையில் முட்டை, பாண், பழம். சனி இரவு பாபிகியூ அடுப்பில் சோளமும் கோழியும். கோழிக்கு மசாலா பிரட்டுவது வீட்டிலேயே முடிந்துவிடும்.

முதல் தடவை வருகிற ஒருவர், அநேகமாக எங்களில் மூத்தவராக இருப்பார், ஒரு கிலோ அரிசி மாவும் புட்டுக் குழலும் கொண்டுவருவார். "அக்கா, அதைக் காருக்குள்ளேயே விடுங்கோ." "விடியப் பசிக்கும் பிள்ளை, ஒரு கை அவிச்சா என்ன?" "அவிக்க வேண்டாம் அக்கா. வாங்கோ, வந்து இந்தக் கதிரையில இருங்கோ." பலகை சரிந்த, அகன்ற கை வைத்த மஸ்கோகாக் கதிரையில் அவரைப் பிடித்து இருத்திவிட வேண்டும். அதில் இருந்தால் சட்டென்று எழும்ப வராது, அவ்வளவு சரிவு. கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துவிட்டால் அரை மணித்தியாலத்தில் தோள் இறங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிறகு அவர் தன் கல்யாணத்துக்கு முந்திய கதைகளைச் சொல்லத் தொடங்குவார். கொக்குவிலில் சைக்கிள் ஓடிப் பழகியது, வாசிகசாலையில் புத்தகம் எடுத்து ஒளித்து வாசித்தது. அந்தக் கதைகளை அவருடைய பிள்ளைகள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால் எங்களுக்கும் கிடைத்திராது.

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இதில் எனக்கு உண்மையான பயம் உண்டு. எங்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடலில் முழங்கால் வரை நின்றிருப்போம். வன்னியில் இருந்தவர்களுக்கு இரணைமடுக் குளம் தெரியும், ஆனால் பெண்பிள்ளைகளை அதில் இறங்க விட்டவர்கள் குறைவு. இங்கு வந்தபின் பிள்ளைகளை வாராவாரம் நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டு, வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் பழகவில்லை.

கேடயப் பாறை ஏரிகள் கடற்கரை மாதிரி மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது காலடியில் பாறை முடிந்துவிடும், அடுத்த அடியில் நிலம் இராது. தண்ணீரும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இராது. காட்டு இலைகளும் சதுப்பும் ஊறி, வெறும் தேத்தண்ணியின் நிறத்தில் இருக்கும். அது அழுக்கல்ல, ஆனால் அடி தெரியாது. அதனால் வீடு எடுக்கும்போது மணற்கரையா, டொக்கில் இருந்து நேரே ஆழமா என்று தெளிவாகக் கேட்கிறோம். மணற்கரை இல்லையென்றால் வேண்டாம். ஆரும் பாய்ந்து குதிப்பதில்லை, நீந்தத் தெரிந்தவர்களும்கூட.

எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெற் கட்டாயம். கனூவிலோ கயாக்கிலோ ஏறுகிற ஒவ்வொருவருக்கும் படகில் ஒன்று இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். சட்டம் படகில் இருந்தால் போதும் என்கிறது, நாங்கள் உடம்பில் போட்டே ஆகவேண்டும் என்கிறோம். விடுதிகளில் கிடைக்கிற ஜாக்கெற்றுகள் பெரும்பாலும் பெரிய ஆண்களின் அளவு. போட்டு, எல்லாக் கொளுக்கியையும் பூட்டி, பக்கத்து வாரை இழுத்து இறுக்கிவிட்டு, இன்னொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெற் நாடியைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது உங்களுக்கு உதவாது. தண்ணீரில் அது மேலே மிதக்கும், நீங்கள் கீழே போவீர்கள். அளவான ஒன்றை ரொறன்ரோவிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உடுப்பும் பலரைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. நீச்சல் உடை போட மனமில்லாதவர்கள் பருத்திச் சட்டையோடு இறங்குவார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்து உடம்பை இழுக்கும், ஏறிய பிறகும் காயாமல் குளிர வைக்கும். முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை நீச்சல் காற்சட்டையும் இப்போது சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆண்கள் இல்லாத கரை, படம் எடுத்துக் குழுக்களில் போடுவதில்லை என்ற உறுதி, உடம்பை மூடிய உடுப்பு. இந்த மூன்றும் கிடைத்தவுடன், ஊரில் இருந்து வந்த நாள் தொடக்கம் தண்ணீரில் இறங்காத ஒரு சிநேகிதி ஜாக்கெற்றோடு மல்லாந்து படுத்து மிதந்தாள். நாங்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் கை கொடுத்து நின்றோம். முதலில் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தாள். "தலையை விடடி, தண்ணி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். காது தண்ணீருக்குள் போனதும் முகம் மாறிவிட்டது. எங்கள் கைகளைத் தானே தள்ளிவிட்டாள். இப்போது அவள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். ரொறன்ரோ நகரசபையின் நீச்சல் குளங்கள் சிலவற்றில் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்குகிறார்கள், பெரியவர்களுக்கான வகுப்பும் உண்டு. மாரியில் அங்கே பழகிவிட்டு ஓகஸ்டில் ஏரிக்கு வாருங்கள் என்று இதை வாசிக்கிற ஒவ்வொரு பெண்ணையும் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமைக்கு ஒரு வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய தெரிவு சேக்வன் நீராவிக் கப்பல். கிறேவன்ஹேர்ஸ்ற் துறையில் இருந்து புறப்படும். 1887ல் நிப்பிஸிங் என்ற பெயரில் கட்டப்பட்டு, 1920களில் மாற்றிக் கட்டியபோது சேக்வன் ஆனது. தெருக்கள் வருவதற்கு முன் இந்த ஏரிகளில் ஆட்களையும் கடிதங்களையும் ஏற்றி இறக்கிய கப்பல்களில் மிஞ்சியது. இன்றைக்கும் நிலக்கரி எரித்துத்தான் ஓடுகிறது. கரை ஓரமாய்ப் போகும்போது பழைய அமெரிக்கச் செல்வந்தர்கள் கட்டிய வீடுகளைப் பார்க்கலாம், படகுக்கென்றே எங்கள் வீட்டைவிடப் பெரிய மாடிவீடு. பயணச் சீட்டை முன்னதாகவே எடுத்து வையுங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காவுக்குப் பகலில் போவதானாலும் அப்படித்தான், வாகன அனுமதியை 5 நாள் முன்பு காலை 7 மணியில் இருந்து பதியலாம், கோடை வார இறுதிகளில் வெகு கெதியாக முடிந்துவிடும்.

இரவுக்கு நான் சொல்வது ரொறன்ஸ் பரென்ஸ். கிறேவன்ஹேர்ஸ்ற்றுக்கு மேற்கே, மரம் அதிகம் வளராத தட்டைப் பாறை வெளி. 1999ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம், சுற்றிவர விளக்கே இல்லை. ஓகஸ்ட் 11, 12, 13 அளவில் பேர்சியஸ் எரிகற்கள் உச்சத்தில் விழும், நிலவு இல்லாத ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது. போர்வையை விரித்துப் பாறையில் படுத்துக்கொள்ளலாம், பகல் வெயிலின் சூடு கல்லில் இன்னும் இருக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது கைபேசியைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பால்வீதி தெற்கில் இருந்து வடகிழக்காகத் தெரியும். ஊரில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் முற்றத்தில் பாயில் படுத்து இதே வானத்தைப் பார்த்தோம். அந்தக் காலத்தின் இருட்டுக்குள் வேறு பயங்கள் இருந்தன. இங்கே கரடிக்கு மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று ஒருத்தி சொன்னாள். கொஞ்ச நேரம் ஆரும் பேசவில்லை, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். திரும்பும்போது நடுச்சாமம் கடந்துவிட்டது.

அந்தப் பாறைவெளிக்கு அப்பால், பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் வாற்ரா மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் இருக்கிறது. கியூபெக்கில் ஓக்கா என்ற ஊரில் நிலத் தகராறும் மதத் தகராறும் முற்றி, 1881ல் அங்கிருந்து குடும்பங்களாகப் பெயர்ந்து இங்கே வந்து குடியேறியவர்கள். தெருவோரத்தில் பெயர்ப்பலகையைக் கண்டுவிட்டுத்தான் நான் தேடி வாசித்தேன். அவர்களுக்கு முன்பே இந்த ஏரிகள் அனிஷினாபே என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் வேட்டைநிலம். சொந்த ஊரை விட்டு வந்த எங்களுக்கு, இன்னொரு சனம் இடம்பெயர்ந்து வந்த பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கொட்டேஜ் விளம்பரங்களில் இது வராது.

நெருப்பு மூட்ட ஆசைப்படுவீர்கள். மஸ்கோகாவில் பகல் நேரத்தில் திறந்தவெளி நெருப்புக்கு அனுமதியில்லை. காய்ந்த கோடையில் முழுத்தடையும் வரும், அந்தந்த நாளின் ஆபத்து அளவைத் தெருவோரப் பலகையில் காட்டியிருப்பார்கள். விறகை ரொறன்ரோவில் இருந்து கொண்டுபோகாதீர்கள். தெற்கில் மரங்களைத் துளைத்து அழிக்கிற பூச்சிகள் அந்த விறகோடு வடக்கே போகின்றன. அங்கேயே தெருவோரத்தில் கட்டுக் கட்டாக விற்பார்கள்.

ஞாயிறு காலையைத் திட்டமில்லாமல் விட்டுவிடுங்கள். நேரத்தோடு விழித்தவள் தேத்தண்ணி போடுவாள், மற்றவர்கள் விழிக்கிற நேரம் விழிக்கட்டும். ஏரியின் மறுபக்கத்தில் லூன் பறவை கூப்பிடுவது விடியப்புறம் கேட்கும். 1987ல் இருந்து கனடாவின் ஒரு டொலர் குற்றியில் நீந்துகிற அதே பறவை. வாழ்நாளில் பாதி அதைக் கைக்குள் வைத்திருந்துவிட்டு, குரலை முதல் தடவை கேட்கிறவர்கள் ஓநாயோ என்று பயப்படுவதுண்டு.

பத்து அல்லது பதினொரு மணிக்கு வீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். பாத்திரம் கழுவுவதும் குப்பை கட்டுவதும் எல்லோரும் சேர்ந்து, ஆளுக்கொரு வேலையாக. ஒருத்தியே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்ய விடாதீர்கள், எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள். ஞாயிறு இரண்டு மணிக்குப் பிறகு 11ஆம் நெடுஞ்சாலை தெற்குப் பக்கம் ஊரத் தொடங்கும். ஒப்படைத்த கையோடு புறப்படுங்கள், அல்லது கிறேவன்ஹேர்ஸ்ற் துறையில் பின்னேரம் வரை இருந்துவிட்டு எட்டு மணிக்குப் பிறகு ஏறுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேண்டாம்.

வழியில் ஒறில்லியாவுக்கு வடக்கே வெபர்ஸ் பேர்கர் கடை. 1963ல் இருந்து இருக்கிறது. கடை நெடுஞ்சாலையின் மறுபக்கத்தில் இருப்பதால் தெற்கே போகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு ஒரு நடைபாலத்தால் கடந்துபோக வேண்டும். அந்தப் பாலம் முன்பு ரொறன்ரோவில் சி.என். கோபுரத்தடியில் இருந்தது. வரிசை நீளமாக இருக்கும், ஆனால் வேகமாக நகரும். இறைச்சி தின்னாதவர்களுக்கு உருளைக்கிழங்குப் பொரியலும் மில்க் ஷேக்கும். அந்த வரிசையில் நிற்கும்போதே கணக்கை முடித்துவிடுகிறோம், ஆர் பெற்றோல் அடித்தது, ஆர் கடைச் சாப்பாடு எடுத்தது என்று. வீட்டுக்குப் போன பிறகு என்று விட்டால் ஒருத்தி தன் காசை மறந்ததுபோல் விட்டுக்கொடுத்துவிடுவாள்.

அடுத்த பயணத்துக்கான நாளையும் அந்த வரிசையிலேயே பேசினோம். செப்ரெம்பர், அப்போது வருகிற கனடாவின் தொழிலாளர் தினத்துக்குப் பிந்திய கிழமை என்று பெரும்பாலானோர் விரும்பினார்கள். நுளம்பு இராது, வாடகை இறங்கிவிடும், ஏரியில் கோடையின் சூடு இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும், முழுக் கிழமைக்கு எடு என்று ஆரும் வற்புறுத்த மாட்டார்கள். பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமையில் எப்படிப் பிள்ளைகளை விட்டுவிட்டு வருவது என்று இரண்டு பேர் கேட்டார்கள். "தகப்பன் இருக்கிறார்தானே" என்றார் புட்டுக் குழலோடு வந்த அக்கா. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அந்த இடத்திலேயே கைபேசியில் விடுப்புக்கு எழுதி அனுப்பிவிட்டாள்.